சதவீதத்திலிருந்து எளிய விகித வாய்பாடு: செம்மண்ணும் சர்க்கரையும்

ஒரு சேர்மத்தில் எந்தத் தனிமம் நிறையில் எத்தனை சதவீதம் என்று தெரிந்தால் போதும், அதன் எளிய விகித வாய்பாட்டை, அதாவது அணுக்கள் எந்தச் சிறிய முழு எண் விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதை, போட்டுவிடலாம். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிக்கும் மொரிஷியஸ் பிள்ளைகளுக்குப் பழகிய கணக்குதான். வகுத்தல், பெருக்கல் தவிர வேறு வித்தை இல்லை. சறுக்குவதெல்லாம் தசமத்தை முழு எண்ணாக்கும் இடத்தில்.

முதலில் கரும்புத் தோட்டத்துச் செம்மண். எரிமலைப் பாறை சிதைந்து உண்டான அந்த மண்ணுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. அந்த வகையில் ஹேமடைட்டை எடுத்துக்கொள்வோம்: இரும்பு 70%, ஆக்ஸிஜன் 30%.

படி 1: மொத்தம் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதம் அப்படியே கிராமாகிவிடும். கூட்டினால் 100 வரவில்லையா? "மீதி ஆக்ஸிஜன்" என்று கேள்வியில் எங்காவது ஒளிந்திருக்கும், மறுபடி படியுங்கள்.

படி 2: ஒவ்வொன்றையும் அதன் அணுநிறையால் வகுக்கவும்.

இரும்பு: 70 ÷ 56 = 1.25
ஆக்ஸிஜன்: 30 ÷ 16 = 1.875

காற்றில் ஆக்ஸிஜன் ஜோடியாகத் திரிகிறது என்பதற்காக இங்கே 32 போடாதீர்கள். நாம் எண்ணுவது அணுக்களை. 8 போட்டாலும் தப்பு, அது அணு எண்.

படி 3: வந்தவற்றில் சிறியதால் எல்லாவற்றையும் வகுக்கவும். 1 : 1.5 கிடைக்கும்.

படி 4: பின்னம் போகும்வரை எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கவும். இங்கே 2. விடை: இரும்பு 2, ஆக்ஸிஜன் 3.

இனி சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். கார்பன் 42.11%, ஹைட்ரஜன் 6.43%, ஆக்ஸிஜன் 51.46%.

கார்பன்: 42.11 ÷ 12 = 3.509
ஹைட்ரஜன்: 6.43 ÷ 1 = 6.43
ஆக்ஸிஜன்: 51.46 ÷ 16 = 3.216

3.216ஆல் வகுத்தால் 1.091 : 1.999 : 1.

1.999ஐ 2 ஆக்கலாம், பாதகமில்லை. 1.091ஐ 1 ஆக்கினால் 1 : 2 : 1 வரும்; அது குளுக்கோஸின் விகிதம், சர்க்கரை கைநழுவிப் போயிற்று. படி 2இலேயே அவசரப்பட்டு 4, 6, 3 என்று எழுதினால் இன்னும் மோசம்: அது அசெட்டிக் அன்ஹைட்ரைடு, மூக்கைத் துளைக்கும் திரவம்! கடைசிவரை மூன்று தசம இடமாவது வைத்திருங்கள்.

எதால் பெருக்குவது? தசமப் பகுதியால் 1ஐ வகுத்துப் பாருங்கள். 1 ÷ 0.091 = 10.99, ஆக 11. பெருக்கினால் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்ஸிஜன் 11. தசமம் 0.67, 0.75 என்று அரையைத் தாண்டியிருந்தால், முதலில் அதை 1இலிருந்து கழித்துவிட்டு மீதியால் வகுக்கவும்; 3, 4 என்று வரும். இப்படி வகுத்து வந்த விடை 2.5 போல இருந்தால், அதை இரட்டித்தால் வரும் 5ஆல் விகிதத்தைப் பெருக்குங்கள்.

விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். 144 + 22 + 176 = 342. கார்பன் 144 ÷ 342 = 42.11%, பொருந்துகிறது. 1 : 2 : 1 என்றால் 40% வரும், 4 : 6 : 3 என்றால் 47%. இரண்டும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மூலக்கூறு வாய்பாடு, அதாவது ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்பது, வேண்டுமென்றால் மூலக்கூறு நிறையும் தெரிய வேண்டும். குளுக்கோஸின் எளிய விகித நிறை 30, மூலக்கூறு நிறை 180. எல்லாவற்றையும் 6ஆல் பெருக்க வேண்டும். சுக்ரோஸுக்கு இரண்டும் 342தான்.

ஒன்று மட்டும்: இதெல்லாம் வெள்ளைச் சர்க்கரைக்கு. நம் தீவின் பழுப்புச் சர்க்கரையில் பாகு ஒட்டியிருக்கும். அது கலவை, அதன் சதவீதத்தை வைத்து வாய்பாடு போட முடியாது.