புரூஸ் லீ நகல் படங்கள்: புதுசா பாக்க வர்றவங்க செய்யுற தப்பு

போன மாசம் ஒரு தம்பி அட்டையில புரூஸ் லீ பேரைப் பாத்து ஆறு டிவிடி வாங்கிட்டு வந்து ஆசையா அடுக்கி காமிச்சான், பாத்ததுமே மனசுக்கு கஷ்டமா போச்சு, ஏன்னா பதினஞ்சு வருஷம் முன்னாடி நான் பண்ண அதே தப்பு. 1973 ஜூலை 20ல புரூஸ் லீ ஹாங்காங்ல செத்தப்போ வயசு 32. குங்ஃபூ ஹீரோவா அவர் முழுசா முடிச்சது நாலே படம். ஜனங்களுக்கு ஆசை அடங்கல, ஆளு இல்ல. அந்த இடத்துல ஹாங்காங், தைவான், கொரியா தயாரிப்பாளருங்க சின்ன பட்ஜெட்ல புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீன்னு அவர் மாதிரியே பேரு வெச்ச நகல் நடிகருங்களை இறக்கிட்டாங்க. அந்தப் படங்களைத்தான் நகல் படம்னு சொல்றேன்.

படத்தோட பேரை நம்பி காசு குடுக்குறது

இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும். 'எக்ஸிட் தி டிராகன், என்டர் தி டைகர்' வாங்கினேன், புரூஸ் லீ எப்படி செத்தார்னு புரூஸ் லி துப்பறியுற கதை, 1976 படம், பிடிச்சிருந்துச்சு. அதே ஜோர்ல 'புரூஸ் லீ: தி ஸ்டார் ஆஃப் ஸ்டார்ஸ்'னு இன்னொண்ணு வெளிநாட்டுல இருந்து வரவழைச்சேன், தபால் செலவே டிஸ்க் விலைக்கு மேல. போட்டா அதே படம்! வித்தவருக்கு எழுதினேன், அட்டை வேற பேரு வேற, திருப்பி எடுக்க முடியாதுன்னுட்டார்.

இதைவிட மோசம் 'புரூஸ் லீ ஃபைட்ஸ் பேக் ஃப்ரம் தி கிரேவ்'. ஆரம்பத்துல கல்லறையில மின்னல் விழுந்து ஒருத்தன் எகிறி வெளிய வருவான், அதோட சரி, அதுக்கப்புறம் புரூஸ் லீக்கும் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. உண்மையில அது ஒரு கொரியப் படம், அமெரிக்காவுல வித்தவங்க அந்த ஒரு சீனை எடுத்து முன்னாடி ஒட்டி, ஹீரோ ஜுன் சோங் பேரையும் புரூஸ்னு மாத்திட்டாங்க.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: சீன அல்லது கொரிய மூலப் பேரு, டைரக்டர், நடிகரோட சொந்தப் பேரு. ஹாங்காங் மூவி டேட்டாபேஸ்ங்கிற வெப்சைட்ல அஞ்சு நிமிஷம் தேடினா தெரிஞ்சிரும். இது மூணும் ஒத்துப்போச்சுன்னா அட்டை என்ன சொன்னாலும் அது ஒரே படம்தான், ரெண்டாவது தடவை காசு குடுக்காதீங்க.

போஸ்டர்

அதுல இருக்குற மூஞ்சி படத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

'கேம் ஆஃப் டெத்'தை அவர் படம்னு கணக்குல சேக்குறது

1972ல இந்தப் படத்தை புரூஸ் லீயே டைரக்ட் பண்ண ஆரம்பிச்சார், 'என்டர் தி டிராகன்'ல நடிக்க வாய்ப்பு வந்ததால பாதியில நிறுத்தினார், திரும்பி வரவே இல்ல. 1978ல 'என்டர் தி டிராகன்' டைரக்டர் ராபர்ட் க்ளவுஸ் வேற கதை எழுதி, கிம் டாய் ஜோங் மாதிரி டூப்புங்களை வெச்சு ஒப்பேத்தினார். ஒரு கண்ணாடி சீன்ல லீயோட மூஞ்சியை படமா வெட்டி ஒட்டியிருப்பாங்க. அதையாவது பொறுத்துக்கலாம், அவரோட நிஜ இறுதிச்சடங்கு காட்சியை எடுத்து படத்துக்குள்ள சேத்தாங்க பாருங்க, அதை என்னால மன்னிக்கவே முடியல. பாஸ்கெட்பால் வீரர் கரீம் அப்துல் ஜப்பாரோட மோதுற மாதிரி அவரே போட்ட நிஜ சண்டை எல்லாம் சேத்து 11 நிமிஷம் வாக்குல தேறும். அந்த சண்டைகளை நீளமா பாக்கணும்னா 2000ல வந்த 'எ வாரியர்ஸ் ஜர்னி' டாக்குமெண்டரிக்கு போங்க.

ஜாக்கி சானை விட்டுட்டு பாக்குறது

1976ல அவரையும் அடுத்த லீயா ஆக்கப் பாத்தாங்க, எடுபடல. 1978ல அவரோட குங்ஃபூ காமெடி 'டிரங்கன் மாஸ்டர்' வந்து ஜனங்க ரசனையே மாறிப்போச்சு.

நகல் நடிகருங்களை கேவலமா பேசுறது

நானும் பேசியிருக்கேன், அது தப்பு. புரூஸ் லியோட நிஜப் பேரு ஹோ சுங் தாவ், தைவான்ல ஸ்டன்ட்மேனா இருந்தவர், புரூஸ்ங்கிற பேரை வெச்சது தயாரிப்பாளருங்க. 1978ல 'டைனமோ'ன்னு ஒரு படம், ஒரு சாதா டாக்ஸி டிரைவரை விளம்பரக் கம்பெனி பிடிச்சு அடுத்த புரூஸ் லீயா தயார் பண்ணுற கதை. அதுல அந்த டிரைவரா நடிச்சது இவர்தான், கிட்டத்தட்ட அவரோட சொந்தக் கதை. முதல்ல அதைப் பாருங்க, தேடும்போது ஹோ சுங் தாவ்னு போட்டுத் தேடுங்க.