'சோர்வாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள்

தசைகளைத் தளரவைக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் எனக்கு உறுதியாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக இந்த நோயில் வந்து மாட்டியவர்கள் அவ்வப்போது என்னோடு பேசுவார்கள். மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள், உடம்பை விரட்டாதீர்கள் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நோயோடு மனச்சோர்வும் வந்து சேரும்போது நாம் செய்கிற பிசகுகள் வேறு. போன வாரம் பேசிய ஒரு பெண், நான் அன்று செய்த தவற்றை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தார். அந்த எரிச்சலில் எழுதுகிறேன். எரிச்சல் அவர்மீது இல்லை, என்மீதுதான்.

மூன்று தொல்லைகளை ஒரே சொல்லில் சொல்வது

தமிழில் 'சோர்வு' தாராளமான சொல். கையைத் தூக்க முடியாவிட்டாலும் சோர்வு, தூக்கம் போதாவிட்டாலும் சோர்வு, வாழ்வே பிடிக்காவிட்டாலும் சோர்வு. மற்றவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நமக்கு உண்டு. நரம்பு தசையைத் தொடும் இடத்தில், நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த ஏற்பிகளைத்தான் உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குகிறது. அதனால் தசை வேலை செய்யச் செய்யத் தளரும், ஓய்வு கொடுத்தால் மீளும். 'சோர்வு' என்று காதில் விழுந்ததும் நரம்பியல் மருத்துவர் நினைப்பது இந்தத் தளர்ச்சியைத்தான்.

நோய் வந்த இரண்டாம் ஆண்டில், அடுத்தடுத்து மூன்று முறை என் நரம்பியல் மருத்துவர் முன் உட்கார்ந்து "சோர்வாகவே இருக்கிறது டாக்டர்" என்றேன். மூன்று முறையும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் அளவு கூடியது. முகம் உப்பியது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வீட்டில் கத்தினேன், பிறகு குளியலறையில் போய் அழுதேன். ஸ்டீராய்டு மனநிலையைப் புரட்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்விலேயே, அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோனை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் வந்திருக்கிறது. 80 மில்லிகிராமைத் தாண்டியவர்களில் அது 18.4 சதவீதம். இல்லாத தளர்ச்சிக்கு மருந்து விழுங்கி, இருந்த மனச்சோர்வுக்குத் தீனி போட்டிருக்கிறேன். எட்டு மாதம் போனது. வேலையும் போனது. மருத்துவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்தான். ஆனால் பத்து நிமிடச் சந்திப்பில் நான் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல்.

விஷயத்தைப் பிடித்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். கையை நேரே நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 240 விநாடி தாங்கினால் அந்தக் கையில் தளர்ச்சி இல்லை என்று கணக்கு. நான் தாங்கினேன். இமை இறங்கவில்லை. ஐம்பது வரை உரக்க எண்ணினேன், குரல் மூக்கில் ஏறவில்லை. "கை நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் சவரம் செய்யவில்லை?" என்றார். செய்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் இருந்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து 'முடியவில்லை' ஒரு பக்கம், 'தோன்றவில்லை' ஒரு பக்கம் என்று நோட்டில் பிரித்து எழுதுகிறேன். தலை வார ஆரம்பித்துப் பாதியில் கை கீழே வந்துவிட்டால் அது முதல் பக்கம். தசைத் தளர்ச்சிக்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கை மேலே போய்விட்டால் சந்தேகமே வேண்டாம். சீப்பு பக்கத்தில் கிடந்தும் எடுக்கத் தோன்றாவிட்டால் அது இரண்டாம் பக்கம். அதை இந்த மாத்திரை தொடாது. பொழுதையும் கவனியுங்கள். தசைத் தளர்ச்சி பெரும்பாலும் மாலையில் முற்றும். மனச்சோர்வு பலருக்கு விடியற்காலையில்தான் கனக்கும்.

தசையும் தாங்குகிறது, ஆசையும் இருக்கிறது, ஆனால் உடம்பு எழவில்லை என்றால் அது மூன்றாவது. தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று அதற்குக் காரணங்கள் தனி. தைராய்டு கோளாறு நம் கூட்டத்தில் சற்று அதிகம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றும் ஒரே நாளில் கலந்து வருவதும் உண்டு. அதையும் அப்படியே சொல்லுங்கள்.

வினாத்தாளின் மொத்த மதிப்பெண்ணை நம்புவது

மனச்சோர்வை அளக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் பிஎச்க்யூ-9இல் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். களைப்பு, தூக்கம், பேச்சிலும் நடையிலும் மந்தம் ஆகிய கேள்விகளில் நம் நோயும் ஸ்டீராய்டுமே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். நான் பார்ப்பது முதல் இரண்டை. எதிலும் ஆர்வம் இல்லையா, மனம் தாழ்ந்து கிடக்கிறதா? இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் அப்படி என்றால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் பூச்சியம் தவிர எது வந்தாலும் அன்றே சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை பொத்திவைக்காதீர்கள்.

முகத்தைப் பார்த்து முடிவுகட்டுவது

இது வீட்டாருக்கு. முகத் தசை தளர்ந்தால் சிரிப்பே சீறல் போலத் தெரியும். முகத்தில் தேடாதீர்கள், கேளுங்கள்.

மூச்சு முட்டுவதைப் பதற்றம் என்று ஒதுக்குவது

படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனை. மனத்தைப் பற்றி அங்கே பேசிக்கொள்ளலாம்.

ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது

கூடாது. மனம் கெடுகிறது என்பதற்காகவும் கூடாது.

மனநல மருத்துவரிடம் நோயைச் சொல்லாமல் விடுவது

மனச்சோர்வு என்று தெரிந்த பிறகும் நான் உருப்படியாக நடந்துகொள்ளவில்லை. தசை விவகாரம் இவருக்கு எதற்கு என்று நினைத்தேன். பதற்றத்துக்குச் சாதாரணமாக எழுதும் ப்ரோப்ரானோலால் நம் தளர்ச்சியைக் கூட்டக்கூடும், மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியமும் அப்படியே. பென்சோடையசெபின் வகைத் தூக்க மாத்திரைகள், ஏற்கெனவே தளர்ந்த மூச்சை மேலும் அமுக்கக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளை நம்மவர்களில் பலர் தொல்லையில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை மறந்து, பத்தாம் நாளே தூக்கிப் போட்டவன் நான். பேச்சுவழி சிகிச்சைக்குப் போனால் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், அதுவும் பைரிடோஸ்டிக்மின் போட்டு ஒரு மணி நேரம் கழித்து. மாலையில் போய், சொல்ல வந்தது பாதி இருக்கும்போதே நாக்கு குழறி நின்றிருக்கிறேன்.

முதல் நாள் அந்த மனநல மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்து, நானும் எழுந்துவிட்டேன். கதவருகே போனதும் சும்மா பேச்சுக்கு, "எனக்கு இமை இறங்கும் நோய் ஒன்று உண்டு டாக்டர்" என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். கையை நீட்டிச் சீட்டைத் திரும்ப வாங்கி, இரண்டாவது வரியை அடித்தார்.