ரூஸ் மக்களின் பெயர்களை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

9, 10ஆம் நூற்றாண்டுகளில் பால்டிக் கடலுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட ஆற்றுவழிகளில் வணிகமும் போரும் நடத்திக் கீவ் நகரை ஆண்ட ரூஸ் மக்களின் பெயருக்கு வேர் தேடும் பலர், ஒலி ஒற்றுமை ஒன்றையே நம்பி முதலடியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். கீவுக்குத் தெற்கே ரோஸ் என்றோர் ஆறு ஓடுகிறது என்பதால் அதுவே பெயருக்கு மூலம் என்பார்கள். ஆனால் அந்த ஆற்றின் பழைய பெயரில் இருந்தது நம் குற்றியலுகரத்தைப் போலக் குறுகி ஒலித்த ஓர் உயிர்; ரூஸ் என்பதில் இருந்ததோ முழுமையாக ஒலித்த ஊகாரம். ரஷ்யன், உக்ரைனியன் முதலிய ஸ்லாவிய மொழிகளில் இவ்விரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவன அல்ல.

ஃபின்லாந்து மக்கள் சுவீடனை இன்றும் 'ருவோட்சி' என்றே அழைக்கிறார்கள். அவர்கள் தம் நாட்டுக்கு வைத்துள்ள 'சுவோமி' என்ற பெயர் கிழக்கு ஸ்லாவிய மொழியில் 'சூம்' ஆனதைப் போலவே 'ருவோட்சி' 'ரூஸ்' ஆயிற்று என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. அதன் அடியில் துடுப்பு வலித்தலைக் குறிக்கும், ஸ்காண்டிநேவியரின் முன்னை மொழியான பழைய நோர்ஸின் சொல் இருப்பதாகக் கருதுகிறார்கள். ஒரே மாற்றம் இரண்டு பெயர்களில் ஒரே வகையில் நிகழ்ந்திருப்பதுதான் இங்கே சான்று. வெறும் ஒலி ஒற்றுமையால் இந்த வலிமையைத் தர இயலாது.

பட்டத்தை இன அடையாளமாகக் கொள்வதும் தவறு. 839ஆம் ஆண்டு பிராங்கியப் பேரரசர் லூயியின் அவைக்கு வந்த ரூஸ் தூதர்கள் தம் அரசரைத் துருக்கிய மரபுப் பட்டமான 'ககான்' என்று குறித்தார்கள். விசாரித்தபோது அவர்களே சுவீடியர் என்று தெரியவந்தது.

ஆட்பெயர்களை இன்றைய வடிவத்தைக் கொண்டு எடைபோடுவது இன்னும் பெரிய தவறு. ரஷ்யப் பெயர்களாகவே நாம் அறிந்த ஓலெக், ஓல்கா, இகோர் ஆகியவை முறையே ஹெல்கி, ஹெல்கா, இங்வர் என்னும் நோர்ஸ் பெயர்களிலிருந்து வந்தவை. இங்வரில் இருந்த மெல்லொலி இகோரில் காணாமற்போனாலும், 10ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய லியுட்பிராண்ட், கீவை ஆண்ட இகோரை 'இங்கெர்' என்றே குறித்திருக்கிறார். எனவே பிற மொழியினர் எழுதிவைத்த வடிவங்களையும் பார்க்காமல் ஒரு பெயரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பெயரின் மொழியே அதைத் தாங்கியவரின் இனம் என்று கொள்வதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்துடன் 911இல் செய்த உடன்படிக்கையில் ரூஸ் தூதர்களின் பெயர்கள் பெரும்பாலும் நோர்ஸ் பெயர்கள்; 944ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ வொலொதிஸ்லாவ், பிரெத்ஸ்லாவா போன்ற ஸ்லாவியப் பெயர்களும் கலந்துவிடுகின்றன. இகோருக்கும் ஓல்காவுக்கும் பிறந்த மகனின் பெயர் ஸ்வியாதொஸ்லாவ். ஒரே தலைமுறையில் குருதி மாறிவிடவில்லை. ஆளும் குடும்பம் நாட்டு மக்களின் மொழியை நோக்கி நகர்ந்ததையே அந்தப் பெயர் காட்டுகிறது. எதிர்த்திசையிலும் பெயர்கள் பயணம் செய்தன. கீவின் மன்னர் ம்ஸ்திஸ்லாவுக்கு, ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட அவருடைய தாய்வழிப் பாட்டனாரான இங்கிலாந்து மன்னரின் நினைவாக ஹரால்டு என்றும் பெயர் வழங்கியது. 1131இல் பிறந்த ம்ஸ்திஸ்லாவின் மகள்வழிப் பேரன், தன் தாயின் பாட்டனார் விளாதிமிர் மொனொமாக்கின் பெயரைத் தாங்கி, முதலாம் வால்தெமர் என்று டென்மார்க்கை ஆண்டார்.