மெத்தையில் குடியிருக்கும் தூசி உண்ணியைக் குறைப்பது எப்படி?

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு. வெயில் ஏற ஏறத் தானாக அடங்கிவிடும். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு இதே கதைதான். அலர்ஜி டெஸ்டில் தூசி உண்ணிக்குத்தான் தோல் தடித்தது. அதன்பின் வீட்டில் செய்த வேலைகளை எழுதுகிறேன். பெருக்குவது, ஒட்டடை அடிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தூசி உண்ணி கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்று போதாதா அதற்கு! கடிக்காது, தொல்லை அதன் எச்சத்தில். அதிலுள்ள புரதம் மூக்கு, மூச்சுக்குழாயின் உட்சவ்வைச் சீண்டி ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் இளைப்பையும் கிளப்பும்.

எச்சத் துகள்கள் சற்றுக் கனமானவை. படுக்கையை உதறும்போது பறந்து, கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். காற்றில் மிதக்காததை ஏர் பியூரிஃபையர் எப்படிப் பிடிக்கும்? அந்தக் காசில் நல்ல உறை வாங்குங்கள் என்பேன்.

படி 1: உறை. மெத்தை, தலையணை இரண்டையும் முழுக்க மூடும் ஜிப் வைத்த உறை வேண்டும். நெசவின் துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வியர்த்துக் கொட்டும்.

படி 2: வெந்நீர். வாரம் ஒருமுறை பெட்ஷீட், தலையணை உறை, போர்வையைத் துவைக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். சாதாரணத் தண்ணீரில் எச்சம் போகும், உண்ணி சாகாது. 55 முதல் 60 டிகிரி வேண்டும். மெஷினில் 'வார்ம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 40 டிகிரிதான். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் அதுவும் கிடையாது. அப்படியானால் பக்கெட்தான். கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 65 டிகிரி வாக்கில் வரும். துணியும் பக்கெட்டும் சூட்டை இழுக்கும், எனவே கொதிநீர் ஒரு சொம்பு கூடவே இருக்கட்டும். அரை மணி ஊறவைத்து மெஷினில் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். சாயம் போகும் துணிக்கும் இது ஆகாது.

வெந்நீர் தாங்காத பொம்மையை பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிட்டு, பிறகு அலசுங்கள். இல்லையென்றால் செத்த உண்ணியும் எச்சமும் அதிலேயே கிடக்கும்.

படி 3: ஈரம். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் உண்ணி வற்றிப்போகும். நம் ஊரில் ஏசி இல்லாமல் அது நடக்காது. முடியாதவர்கள் முதல் இரண்டு படியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அறைக்குள் ஈரத்துணி காயப்போட வேண்டாம்.

பின்சேர்க்கை: இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா என்று கேட்டிருந்தார்கள். கடும் வெயிலில், இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் நிறையச் சாகும், எச்சம் போகாது. மொட்டை மாடியிலேயே தட்டிவிட்டு, உறை போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். இளைப்பு உள்ளவர் தட்டக் கூடாது, தட்டுகிறவர் மாஸ்க் போடட்டும்.

இன்னொருவர், இதெல்லாம் செய்தால் இன்ஹேலரை நிறுத்தலாமா என்றார். கூடாது. அதை டாக்டர் சொல்லட்டும்.