எரிமலைச் சாலை இறக்கம்: பிரேக்கைக் கவனியுங்கள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையைப் பார்க்க, சாலை முடியும் பா த பெல்கோம்ப் (2,311 மீட்டர்) வரை சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. சேன்-பியேர் கடற்கரை வரை பெரும்பாலும் இறக்கம்தான். ரிம் பிரேக்கை (சக்கர விளிம்பான ரிம்மை ரப்பர் கட்டையால் அழுத்தும் பிரேக்) விடாமல் பிடித்தபடி வந்தால் ரிம் கொதித்து, உள்ளே டியூப் வெடித்துவிடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் 2, 3 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விடுங்கள். காற்றுபட்டு ரிம் ஆறட்டும். கார்பன் ரிம் இந்தப் பாதைக்கு வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் முன் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பரில் மினுக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் கிளறி எடுங்கள், இல்லையேல் அவை ரிம்மைச் சுரண்டும்.

முற்பகலிலேயே மேகம் ஏறி ரிவியேர் தே ராம்பார் பள்ளத்தாக்கை மூடிவிடும். விடியலிலேயே ஏறுங்கள். கடற்கரையைவிட உச்சியில் 13 முதல் 15 டிகிரி வரை குளிர் கூடுதல். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. முழுக் கையுறையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் அவசியம்.