‘பொண்ணு கலரா?’: நிறத்தையும் இனத்தையும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களிடம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்கப்படும் கேள்வி, “பொண்ணு கலரா?” கலர் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளுப்பு. கறுத்த பெண்ணுக்குக் கலரே கிடையாது என்பதுபோல. அமெரிக்காவில் இதே சொல் தலைகீழாக நிற்கிறது. ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்று அங்கே சொல்வது வெள்ளையர் அல்லாத எல்லோரையும். அந்தக் கணக்கில் கீழக்கரையின் ஆகச் சிவந்த மாப்பிள்ளையும் பாம்பனில் பாசி எடுக்கப் போகும் அக்காவும் ஒரே வரிசை. இதைச் சொன்னபோது, நாற்பது வருடம் வத்தையில் கடலுக்குப் போன என் சித்தப்பா, “அப்ப நானும் கலருதானா? இத்தனை நாளாச் சொல்லலையேப்பா” என்றார்.

இராமநாதபுரம் கடற்கரையில் நிறத்தைப் பற்றிப் பேசாமல் யாரும் இல்லை. ஓயாமல் பேசுகிறோம். பட்டப்பெயர் வைக்கிறோம், ஜோடிப் பொருத்தம் பார்க்கிறோம், பிறந்த குழந்தையின் காது மடலைத் திருப்பி “இந்த நிறம்தான் நிக்கும்” என்று ஜோசியம் சொல்கிறோம். பட்டவர் தன் வாயால் சொல்லத் தொடங்கும்போது மட்டும் பேச்சு சட்டென்று முடிந்துவிடுகிறது. முடித்துவைப்பது கேட்பவர்தான். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில் பிறந்தவை.

முதலில் வெயில்மேல் பழி போடுவது. “கடல்ல கிடந்தா கறுக்காம என்ன செய்யும், வீட்டுல பத்து நாள் இருந்தா வெளுத்துரும்.” நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கறுப்பு என்பது ஒட்டிய அழுக்கு, கழுவினால் போகும், அதுவரை பொறுத்துக்கொள் என்பதுதான் இதன் பொருள். உண்மையில் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை உலகத்து மனிதர் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. கடல் வெயில் கூடுதலாகப் பூசுவது மேற்பூச்சு. கக்கத்தை ஒட்டிய உள்கையைப் பாருங்கள், பிறவி நிறம் அங்கே இருக்கும். மீன் பிடிக்கிற ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: மனித நிறத்தில் பெரும்பங்கு வகிக்கும் ஒரு மரபணுவை 2005இல் அடையாளம் கண்டது ஸீப்ரா மீன் என்ற சின்ன மீனை ஆராய்ந்தபோதுதான். வெளிறிப்போன மீனில் கெட்டுக்கிடந்த அதே மரபணு மனிதரிடமும் இருந்தது. அதன் வெளிர்நிற வகை தென்னாசியாவிலும் உண்டு. இப்படிப் பல மரபணுக்கள் கலந்து விழுவதால்தான் ஒரே வயிற்றில் அண்ணன் மாநிறம், தங்கை கறுப்பு. துபாயிலிருந்து வாங்கிவந்த குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்த அம்மா எந்தக் குழந்தைக்குக் கூடுதலாகக் குடித்தாள் என்று ஆராய வேண்டியதில்லை.

களிம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று வந்த பொருள் 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயரில் இருந்த வெளுப்பு போனது, வீட்டில் இருப்பது போகவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் தடவும் ஸ்டீராய்டு களிம்புகள் அதைவிட மோசம். தோல் மெலிந்துபோகும், நிறுத்தினால் சிவந்து எரியும்.

வெயில் முடிந்ததும் ஆறுதல் வரும். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.” பெரும்பாலோர் இதைப் பாராட்டு என்றே நம்புகிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலில்லாதவரிடம் “கால் இல்லாட்டியும் நல்லாப் பாடுறாரு” என்று சொல்வதற்கும் இதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு கிடையாது. “கண்ணன் கறுப்பு, கஸ்தூரி கறுப்பு” என்று அடுக்குவதும் அப்படித்தான். பத்தாம் வகுப்புப் பெண் தன்னைப் பேருந்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வருகிறாள், நாம் கண்ணனைக் கூட்டிவந்து நிறுத்துகிறோம்.

சொற்களில் வரும் தவறுகள் தனி ரகம், அதில் கொஞ்சம் நின்று போகலாம். கீழக்கரையில் ‘காக்கா’ என்றால் அண்ணன், மரியாதைச் சொல். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் கடையில் “காக்கா, ஒரு டீ” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நிறத்தைக் கேலி செய்கிறார்கள் என்று பதறிப்போனார். ஒரே சொல் ஒரு தெருவில் உறவு, அடுத்த தெருவில் வசை. ஆகவே “நான் தப்பான அர்த்தத்துல சொல்லலையே” என்பது போதாது. சொல் யார் காதில் விழுந்தது, அங்கே அதற்கு என்ன வரலாறு என்பதும் சேர்ந்துதான் பொருள்.

‘நீக்ரோ’ நம் பழைய பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் சாதாரணமாகப் புழங்கிய சொல். 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேச்சிலேயே அது வருகிறது. ஆனால் அவர் தலைமுறை போய், அந்தச் சொல்லையும் அமெரிக்கக் கறுப்பினத்தவரே கைவிட்டுவிட்டார்கள். நாம் இன்னும் விடவில்லை. ‘காப்பிரி’, ‘காப்பிலி’ என்ற சொற்கள் அதைவிடக் கடுமை. அவற்றோடு ஒரே வேரிலிருந்து வந்த சொல்லைத் தென்னாப்பிரிக்காவில் யார்மேலாவது வீசினால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். கறுப்பினத்தவர் என்று சொல்லலாம். எந்த நாட்டுக்காரர் என்று தெரிந்தால் நைஜீரியர், கென்யர் என்றே சொல்வது இன்னும் நல்லது. நம்மை யாரும் ‘மாநிறத்தவர்’ என்று கூப்பிடுவதில்லையே. இந்த மாவட்டத்தில் அங்கங்கே நிற்கும் ஆனைப்புளி மரம்கூட ஆப்பிரிக்காக்காரர்தான். பப்பரப்புளி என்று இன்னொரு பெயரும் உண்டு. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டுதான் ஆப்பிரிக்கரைப் பற்றி ஏதாவது உளறுகிறோம்.

நமக்கு வைக்கப்பட்ட பெயர்களை நினைத்தால் இது எளிதில் புரியும். மலேசியாவில் ‘கிளிங்’ என்று சொன்னால் தமிழருக்கு முகம் சுருங்கும். ஒரு காலத்தில் அது வெறும் பெயர்தான். பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசலுக்கு இன்றும் கப்பித்தான் கிளிங் என்றே பெயர். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், ‘கள்ளத்தோணி’ என்றார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை, உரிய சீட்டோடு கப்பலேறியவர்களையும் சேர்த்து, அப்படி அழைத்தார்கள். சிங்களர் மட்டுமல்ல, அங்கிருந்த தமிழரும்.

இங்கே எங்கள் மாவட்டத்து மண்டபம் என்ற ஊர் வருகிறது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வெள்ளையர் காலத்தில் நிறுத்திவைத்த இடம் அது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பியவர்கள் அதே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இவ்வளவையும் கண்ணெதிரே பார்த்த ஊர்க்காரர்கள் நாம். ஆனாலும் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பெயின்ட் வேலை பார்க்கும் முப்பத்தைந்து வயதுக்காரரிடம் “நீங்க எப்ப வந்தீக? எப்பத் திரும்பிப் போவீக?” என்று கேட்கிறோம். அவர் எங்கிருந்தும் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது நம் சட்டம். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் சிக்கல். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறியது, நம் வாயில் அவர்கள் இன்னும் ‘கேம்ப்காரங்க’தான். “தமிழர்தானே, இதுல என்ன இனவெறி?” என்று கேட்பவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’யை நினைவுபடுத்துவேன்.

அப்புறம், தூரத்து அநியாயத்துக்கு மட்டும் கொதிப்பது. 2020 மே 25இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதைக் கைபேசியில் பார்த்து எங்கள் ஊர் இளவட்டங்கள் துடித்துப்போனார்கள். நல்லதுதான். அதே வட்டத்தில் சாதிப் பேச்சு எழுந்தால், “அதெல்லாம் இப்ப எங்கப்பா இருக்கு” என்று எழுந்துவிடுகிறார்கள். 1957 முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

சாதியும் இனமும் ஒன்றா என்ற கேள்வியில் இரண்டு பக்கமும் வழுக்கும். ஐ.நா.வின் 1965ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் சேர்த்துச் சொல்கிறது. அதில் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் கூறியது, இந்திய அரசு ஏற்கவில்லை. நம் அரசமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று வரிசைப்படுத்துகிறது, நிறம் அந்த வரிசையில் இல்லை. என் கருத்து இது: நடைமுறையில் இரண்டும் வேறு கருவிகள். நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. தெரியாததால்தான் “எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்று மூன்றாவது கேள்வி வரை போகிறோம். கறுப்பாக இருப்பவர் இன்ன சாதியாகத்தான் இருப்பார் என்று ஊகிப்பவரும் உண்டு. அந்த ஊகம் தப்பும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இராமேசுவரத்தில் விடுதி வேலைக்கு வரும் வடகிழக்குப் பிள்ளைகளை ‘சீனாக்காரன்’ என்பதையும், மற்றவர்களை ஒட்டுமொத்தமாக ‘வடக்கன்’ என்பதையும் விளக்க வேண்டியதில்லை. நிறுத்தினால் போதும்.

என் மச்சான் வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். ஒருமுறை விடுமுறையில் வந்தபோது சாப்பாட்டுக்குப் பின் சொல்லத் தொடங்கினார். “அங்க வேலைக்குச் சம்பளம் இல்ல, பாஸ்போர்ட்டுக்குத்தான் சம்பளம். ரஃபீக்னுதான் கூப்பிடுவான். ரஃபீக்னா தோழன்னு அர்த்தம். பன்னெண்டு வருசமா என் பேரைக் கேக்காத தோழன்.” மாமா குறுக்கிட்டார்: “சம்பாதிக்கப் போன இடத்துல இதெல்லாம் பாத்தா முடியுமா மாப்ள?” மச்சான் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அதே மச்சான் மறுநாள் வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் தன்னோடு தங்கிய ஆப்பிரிக்கத் தொழிலாளிகளைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பட்டவர் இன்னொருவரைப் படுத்த மாட்டார் என்று நினைப்பதும் தவறு. அதற்காக, அவர் பட்டது பொய் என்று ஆகிவிடாது. முந்தின நாள் அவரை முழுக்கப் பேச விட்டிருந்தால், மறுநாள் “நீங்க மட்டும் அவன் பேரைக் கேட்டீகளா?” என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்திருக்கும்.

போன மாதம் அக்கா மகள் பள்ளி ஆண்டுவிழா முடிந்து வந்து, “நாலு வருசமா என்னைக் கடைசி வரிசையிலதான் நிறுத்துறாங்க” என்றாள். அவள் அம்மா, “நீ உயரமா இருக்கல்ல, அதான்” என்று தொடங்கினாள். நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “யாரு நிறுத்தினது? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். அவள் முதலில் பவுடர் டப்பாவில் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அடுப்பில் இருந்த குழம்பு அடிபிடித்துப்போனது. அவள் அந்த வரிசையிலேயே உயரம் குறைந்தவளாம்.