எசேக்கியா கட்டுன கப்பம்: ரெண்டு பக்கக் கணக்கையும் ஒண்ணா வெச்சு படிக்கிறது எப்படி

யூதா ராஜ்யம் அசீரியாவுக்கு கீழ இருந்த கதையை மொத்தமா படிக்க உக்காந்தா பாதியிலயே தூக்கம் வந்துடும், ராஜா பேரெல்லாம் குழம்பிடும். அதனால ஒரே ஒரு வருஷத்தை புடிங்க, கி.மு. 701.

முன்கதை இவ்ளோதான்: யூதா ராஜா ஆகாஸ் காலத்துலயே அசீரியாவுக்கு கப்பம் கட்ட ஆரம்பிச்சாச்சு, கி.மு. 722 வாக்குல வடக்க இருந்த இஸ்ரவேல் ராஜ்யம் சமாரியாவோட முடிஞ்சுபோச்சு, 705ல அசீரிய ராஜா சர்கோன் போர்ல செத்ததும் இதான் சமயம்னு ஆகாஸ் மகன் எசேக்கியா கப்பத்தை நிறுத்திட்டாரு, சர்கோன் மகன் சனகெரிப் படையோட வந்து நின்னுட்டான்.

இப்போ பைபிள்ல 2 இராஜாக்கள் 18ம் அதிகாரத்துல 13லேர்ந்து 16ம் வசனம் வரைக்கும் மட்டும் படிங்க, அதுக்கு மேல போகாதீங்க. சனகெரிப் இருந்த யூதா ஊரான லாகீசுக்கு எசேக்கியா ஆள் அனுப்பி தப்புதான்னு ஒத்துக்குறாரு, 300 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி, 30 தாலந்து பொன், அதுக்காக ஆலயக் கதவுல தான் அடிச்ச தகட்டையே பேத்து குடுக்குறாரு. அப்படியே ஏசாயா 36ஐ திறங்க. அதே கதை, கிட்டத்தட்ட அதே வார்த்தை, ஆனா 1ம் வசனத்துல படை வருது, 2ம் வசனத்துல சனகெரிப்போட அதிகாரி ரப்சாக்கே வந்து நிக்கிறான், நடுவுல கப்பம் கட்டுன பேச்சே இல்ல! இத நான் கவனிக்கவே பல வருஷம் ஆச்சு.

அடுத்து சனகெரிப்போட கணக்கு. ஆறு பட்டை களிமண் தூண் மாதிரி இருக்கும், ஒரு பிரதி பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, மொழிபெயர்ப்பு நெட்லயே கிடைக்கும். பொன் அதே 30, வெள்ளி மட்டும் 800. 46 கோட்டை ஊரை புடிச்சேன், 2,00,150 பேரை வெளிய கொண்டுவந்தேன்னு அளக்குறான் (ஆள் கணக்கை அப்படியே நம்பிடாதீங்க). எசேக்கியாவை எருசலேம்ல கூண்டுப் பறவை மாதிரி அடைச்சேன்ங்கிறான், ஊரை புடிச்சேன்னு எங்கயும் சொல்லல பாருங்க. கப்பம் அப்புறமா அசீரியத் தலைநகர் நினிவேக்கு வந்துச்சாம், ஆனா 2 இராஜாக்கள்ல கப்பம் கட்டுன பிறகுதான் ரப்சாக்கே வர்றான்.

லாகீஸ் விழுந்ததை அந்தத் தூண் பேர் சொல்லி சொல்லல, அதுக்கு நினிவே அரண்மனை கல் சிற்பத்தை பாக்கணும், அதுவும் அதே மியூசியம்தான். படத்தை நல்லா ஜூம் பண்ணுங்க: மதில் மேலேர்ந்து தீப்பந்தம் விழுது, இடிக்கிற வண்டி எரியாம இருக்க ஒருத்தன் நீளமான கரண்டியில தண்ணி ஊத்துறான், தள்ளி ஒரு குடும்பம் மாட்டு வண்டியில சாமானை ஏத்திக்கிட்டு ஊரை விட்டு போகுது.

கடைசியா எசேக்கியா மகன் மனாசே. 2 இராஜாக்கள் 21ல அவர் 55 வருஷம் ஆண்டாருன்னு இருக்கு, அசீரியாங்கிற பேரே அதுல கிடையாது. ஆனா சனகெரிப் மகன் எசரத்தோன் நினிவேல அரண்மனை கட்டுனப்போ மரமும் கல்லும் சுமந்து அனுப்ப வெச்ச 22 ராஜாக்கள் பட்டியல்ல யூதா மனாசேயும் ஒருத்தர்.